ஊதுபத்தி வழக்கும் வரிச் சட்டப் படிப்பும்

மர்பி டவுனில் முதுநிலைச் சட்டப் படிப்பில் வரிச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்க விரும்பும் மாணவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே: பட்டயக் கணக்காளர் நிறைந்த துறையில் சட்டம் பயின்றவருக்கு இடம் உண்டா? விடை பெங்களூரின் வரலாற்றிலேயே இருக்கிறது.

இந்நகரில் ஊதுபத்தி தயாரித்து விற்ற கூட்டாண்மை நிறுவனம் ஒன்று 1965 இறுதியில் கலைக்கப்பட்டது. அதன் நற்பெயரின் மதிப்பு ரூ.1,50,000 எனக் கொள்ளப்பட்டது. அத்தொகையை மூலதன ஆதாயமாகக் கருதி வருமானவரித் துறை வரி கோரியது. பாடநூல்கள் பி.சி. சீனிவாச செட்டி வழக்கு என்று குறிப்பது இதனையே. 1981இல் உச்ச நீதிமன்றம் வினவியது எளிய வினா: வாங்கிய விலையே இல்லாத பொருளுக்கு ஆதாயத்தை எவ்வாறு கணக்கிடுவது? கணக்கிடும் விதி பொருந்தாத இடத்தில் வரி விதிக்கும் விதியும் பொருந்தாது என்பது தீர்ப்பு. நாடாளுமன்றம் 1987இல் சட்டத்தைத் திருத்தி, அவ்விலையைச் சுழியமெனக் கொண்டு அந்த இடைவெளியை அடைத்தது. கோட்பாடோ நிலைத்துவிட்டது.

இது கணக்கன்று, சட்டத்தைப் படிக்கும் முறை. 1941இல் தோன்றிய வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் கணக்காளரும் வாதிடலாம். உயர் நீதிமன்றத்தில் வழக்குரைஞரே வாதிடுவர். அங்கு முக்கியமான சட்ட வினா இருந்தால்தான் மேல்முறையீடு ஏற்கப்படும். முதுநிலைப் படிப்பு பயிற்றுவிப்பது அவ்வினாவை இனங்காணவே. (பட்டம் மட்டும் வழக்குகளைக் கொண்டுவராது, மூத்தவர் ஒருவரிடம் சில ஆண்டுகள் பழகியே தீரவேண்டும்.)

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருமாறு இயற்றப்பட்டுள்ளது. பழைய தீர்ப்புகளில் எவை புதிய சொற்களுக்குப் பொருந்தும் என்பதை இனி எவரேனும் எழுதியாக வேண்டும்.