மனதைத் தேடியவர்கள் – 14: மணிக்கட்டில் அகப்பட்ட ரகசியம்

ஜஸ்டஸ் என்பவரின் மனைவிக்கு இரவில் தூக்கமே வரவில்லை. படுக்கையில் புரண்டுகொண்டே இருக்கிறாள். ரோம் நகரம், கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. பார்க்க வந்த மருத்துவர் கேலன் என்ன கேட்டாலும் அரைகுறையாகப் பதில் சொல்கிறாள். கடைசியில் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். காய்ச்சல் கிடையாது. ஒன்று கரும்பித்தம் ஏறியிருக்க வேண்டும், அல்லது வாய்விட்டுச் சொல்ல முடியாத கவலை ஏதோ உள்ளே கிடந்து அரிக்க வேண்டும் என்று கேலன் கணக்குப் போட்டார்.

மருத்துவரும் தத்துவவாதியுமான இப்னு சீனாவின் ‘பறக்கும் மனிதன்’ என்ற சிந்தனைச் சோதனை பற்றி இந்த வாரம் எழுதுவதாகப் போன இதழில் சொல்லியிருந்தேன். அவரிடம் போகும் வழியிலேயே இந்தப் படுக்கையறை இருக்கிறது. தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் கேலன் அவள் பக்கத்தில் இருக்கும்போது, நாடகக் கொட்டகையிலிருந்து வந்த யாரோ ஒருவர், பைலடீஸ் ஆடியதைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். அவள் முகம் மாறியது. கேலன் சட்டென்று அவள் மணிக்கட்டில் கை வைத்தார். நாடி தாறுமாறாக ஓடியது. வேறொரு வைத்தியராக இருந்தால் அங்கேயே தீர்ப்பு சொல்லியிருப்பார். கேலன் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் தன் ஆள் ஒருவரை ஏற்பாடு செய்து, மார்ஃபஸ் ஆடுகிறான் என்று வந்து சொல்லவைத்தார். நாடியில் மாற்றமில்லை. அடுத்த நாள் மூன்றாவதாக வேறொரு ஆட்டக்காரனின் பெயர். அப்போதும் நாடி அசையவில்லை. நான்காம் நாள் மறுபடி பைலடீஸ் பெயர் வந்து விழுந்தது. நாடி குதித்தது. அவளை அரிப்பது பைலடீஸ் மேல் கொண்ட காதல் என்று கேலனுக்குப் புரிந்துவிட்டது.

மனோதத்துவத்தின் பிறப்பைச் சொல்லும்போது பாடப்புத்தகங்கள் 1879-இல் லைப்சிக் நகரில் வுண்ட் தொடங்கிய ஆய்வுக்கூடத்தைக் காட்டும். எனக்கு இந்தப் படுக்கையறைதான் முதல் ஆய்வுக்கூடம். ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வைத்திரு, என்ன நடக்கிறது என்று பார் என்பதைத்தானே இன்றும் மாணவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள்?

அதைவிடப் பெரிய விஷயம் கேலன் அடுத்து எழுதியது. காதலுக்கென்று தனியாக ஒரு நாடி கிடையாது என்கிறார். மனம் கலங்கினால் நாடி கலங்கும், அவ்வளவுதான். காதல், பயம், வெட்கம் எல்லாமே அதே நாடியைத்தான் குலைக்கும். எது குலைத்தது என்பதை நாடி சொல்லாது, எந்தப் பெயரைச் சொன்னபோது குலைந்தது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதயத்தில்தான் உணர்வு குடியிருக்கிறது என்று அரிஸ்டாட்டில் சொன்னதோடு கேலன் ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியவர். அந்தச் சண்டையில் எழுதிக் குவித்த பக்கங்களையெல்லாம்விட இந்த ஒரு வரி எனக்குப் பெரிது.

ஆனால் கேலன் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கணவன் பெயரை எழுதியிருக்கிறார். ஆட்டக்காரர்களின் பெயரை எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயரை எழுதவில்லை. உயிரைக் கொடுத்து அவள் மறைத்த ஒன்றை, தன் திறமைக்குச் சாட்சியாக நூலில் ஏற்றிவிட்டார்.

இந்த வித்தையில் கேலனுக்கும் ஒரு முன்னோடி உண்டு. அலெக்சாண்டரின் தளபதியாக இருந்து அரசரான செலூக்கஸின் மகன் அந்தியோக்கஸ், தன் சிற்றன்னை ஸ்ட்ராட்டோனிஸ் மேல் மையல்கொண்டு, சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தான். கி.மு. 294 வாக்கில் நடந்ததை ஏறக்குறைய 400 ஆண்டுகள் கழித்து புளூட்டார்க் எழுதிவைத்தார். மருத்துவர் எராசிஸ்ட்ராட்டஸ் அறையிலேயே உட்கார்ந்து, யார் யார் உள்ளே வருகிறார்கள், இளவரசனின் முகமும் உடம்பும் என்ன ஆகின்றன என்று கவனித்தார். ஸ்ட்ராட்டோனிஸ் நுழைந்தால் மட்டும் நாக்கு குழறியது, வியர்வை கொட்டியது, நெஞ்சு படபடத்தது. அரசரிடம் போய், “இளவரசர் ஆசைப்படுவது என் மனைவி மேல்” என்று ஒரு பொய்யைப் போட்டு ஆழம் பார்த்த பிறகே உண்மையைச் சொன்னார். செலூக்கஸ் தன் மனைவியை மகனுக்கே மணம் முடித்து, ராஜ்ஜியத்தின் கிழக்குப் பகுதிக்கு அரசனாக்கினார். ஸ்ட்ராட்டோனிஸை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதற்குப் பதில் இல்லை.

கேலனின் எழுத்தை அரபு உலகத்துக்குக் கொண்டுசேர்த்தவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். சிரியாக்கிலும் அரபியிலும் மொழிபெயர்ப்பான கேலனின் 129 நூல்களுக்கு அவர் போட்ட பட்டியல் நமக்குக் கிடைத்திருக்கிறது. ‘யூனான்’ என்றால் அரபியில் கிரேக்க நாடு. யுனானி வைத்தியம் என்று நாம் சொல்வதும், சங்கப் பாடல்களின் யவனரும் அயோனியா என்ற ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்தான்.

இப்னு சீனா ‘அல் கானூன்’ என்ற மருத்துவ நூலில் காதலை, அரபியில் ‘இஷ்க்’, மூளை நோய்களின் வரிசையில் வைக்கிறார். நோயாளி பெயரைச் சொல்ல மாட்டான். கையைப் பிடித்துக்கொண்டு பெயர்களையும் தெருக்களையும் வீடுகளையும் தொழில்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார், நாடி எங்கே தடுமாறுகிறது என்று கவனி என்கிறார். தானே இதைச் செய்து பார்த்துப் பலன் கண்டதாகவும் எழுதுகிறார். கேலனிடம் இருந்தது சில ஆட்டக்காரர்களின் பெயர்கள். இப்னு சீனா ஊர் முழுவதையும் நாடியின் மேல் ஓட்டிப் பார்க்கிறார்.

நிஜாமி அரூஸி என்ற பாரசீக எழுத்தாளர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதை ஒரு கதையாகவே ஆக்கிவிட்டார். இன்றைய ஈரானில் உள்ள குர்கான் ஊரில் காபூஸ் அரசரின் உறவுக்காரப் பையன் படுத்த படுக்கை. பெயர் தெரியாத ஒரு பயணி வருகிறார். ஊரை அங்குலம் அங்குலமாகத் தெரிந்த ஆளை அழைத்துவரச் சொல்கிறார். அவன் பேட்டைகளை வரிசையாகச் சொல்ல, ஒரு பேட்டையில் நாடி துடிக்கிறது. பிறகு அந்தப் பேட்டையின் தெருக்கள், பிறகு வீடுகள், கடைசியில் ஒரு வீட்டில் இருப்பவர்களின் பெயர்கள். அதில் ஒரு பெயர். அந்தப் பயணிதான் இப்னு சீனா.

அருமையான கதைதான், ஆனால் நடந்திருக்க முடியாது. காபூஸைத் தேடிப் புறப்பட்டதையும், தான் போய்ச் சேர்வதற்குள் அவரைப் பிடித்துக் கோட்டையில் அடைத்ததையும், அவர் அங்கே இறந்ததையும் இப்னு சீனாவே தன் வரலாற்றில் சொல்கிறார். 1006-இல் காபூஸ் எழுப்பிய செங்கல் கோபுரம் மட்டும் 53 மீட்டர் உயரத்தில் இன்றும் அங்கே நிற்கிறது.

பாதுகாக்க அரசர் இல்லாத அந்த ஊரில், அபூ முஹம்மது ஷீராஸி என்ற கல்விப் பிரியர் தன் வீட்டை ஒட்டியே ஒரு வீடு வாங்கி இப்னு சீனாவைக் குடிவைத்தார். நாடி பிடித்துப் பெயர் கண்டுபிடிக்கும் பக்கங்கள் உள்ள அந்தக் ‘கானூனை’ அவர் எழுதத் தொடங்கியது அந்தக் குர்கானில்தான்.

பறக்கும் மனிதன் அடுத்த வாரம்.