யானையும் ஒரு புள்ளியும்

ஆத்தூரில் கோட்டைக்குப் பக்கத்துத் தெருவிலிருக்கும் என் சின்னம்மா, பேத்தியின் கல்லூரிச் சம்பளத்துக்காகச் சுருக்குப் பையை அவிழ்த்தாள். பதினேழு வெள்ளி ரூபாய்கள். எல்லாம் பாதி வெள்ளிதான் என்று கடைவீதியில் ஒருவர் விலை சொல்லியிருந்தாராம்.

"நீ நாலு புஸ்தகம் படிச்சவன், தம்பி. ஒரு பார்வை பார்த்துச் சொல்லு."

கடிகாரம் ரிப்பேர் செய்பவரிடம் பூதக்கண்ணாடி இரவல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாதி வெள்ளி என்பது முழுப் பொய்யல்ல. 1835-ல் கம்பெனி நாடு முழுவதற்கும் ஒரே ரூபாயை நிறுவியபோது எடை 11.66 கிராம், பன்னிரண்டு பங்கில் பதினொன்று வெள்ளி. யுத்த நெருக்கடியில், 1940 முதல் அது சரிபாதி ஆயிற்று. சின்னம்மாவிடம் அப்படிப்பட்டவை மூன்றே. ஒன்றில் லாகூர் சாலையைக் குறிக்கும் 'எல்' எழுத்துக்கூட இருந்தது. மற்றப் பதினான்கும் பழைய கனவான்கள்! மூன்றைப் பார்த்துப் பதினேழுக்கும் விலை சொல்லிவிட்டார் அந்த மனிதர்.

நாணயத்தில் அச்சான இடத்தைத் தேடுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1792-ல் திப்புவிடமிருந்து சேலம் சீமை கம்பெனிக்கு வந்தபோது இங்கே கணக்கு வராகனில். 1818-ல்தான் சென்னை ராஜதானி வெள்ளி ரூபாய்க்கு மாறியது. அதற்கு முன்பே புழங்கிய ஆர்க்காட்டு ரூபாயின் கதை வேடிக்கையானது. அதை ஆர்க்காட்டில்தான் அடித்தார்கள் என்பதில்லை! சென்னையில் இங்கிலீஷ்காரரும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் அடித்தார்கள். 1759-ல் கொலையுண்ட டில்லி பாதுஷா இரண்டாம் ஆலம்கீரின் பெயர் அதற்குப் பிறகும் அதில் நீடித்தது. சென்னைக் காசுக்குத் தாமரை, புதுச்சேரிக் காசுக்குப் பிறை. அந்தக் குறியைப் பார்த்துத்தான் சராப்புக்காரர் வட்டம் பிடிப்பார்.

சென்னை நாணயசாலையை 1869-ல் மூடினார்கள். பிறகு ரூபாய்க்குப் பம்பாயும் கல்கத்தாவும்தான். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், அடியிலுள்ள தாமரைக்குக் கீழே பொட்டளவு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. இன்றும் உங்கள் சட்டைப்பைச் சில்லறையில் பம்பாய்க்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கல்கத்தாவுக்கு ஒன்றுமில்லை. மூத்த பிள்ளைக்கு அடையாளம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலும்.

பன்னிரண்டு ரூபாய்கள் சாதாரண வருஷத்தவை. எடை விலைதான் நியாயம். ஒன்று விக்டோரியா ராணியுடையது, 1862. அந்த வருஷத்தையே 1874 வரை அச்சில் மாற்றாமல் வைத்திருந்தார்கள். புள்ளிகளை எண்ணித்தான் உண்மை வருஷத்தை ஊகிக்க வேண்டும். எண்ண முடியவில்லை. நான் வரப்போகிறேன் என்று முந்தின நாள் புளி போட்டுத் தேய்த்திருந்தாள் சின்னம்மா! பழங்காசு சேகரிப்பவர்கள் அந்தப் பளபளப்பைக் கண்டால் முகம் சுளிப்பார்கள்.

கடைசிக் காசு 1911. கையில் வாங்கியதும் எனக்கு மூச்சு நின்றது. மன்னரின் அங்கியிலுள்ள யானைக்குத் தும்பிக்கை குட்டையாகிவிட, ஜனங்கள் அதைப் பன்றி என்றார்கள். முஸ்லிம்களின் மனம் புண்பட்டது. அடித்த 94 லட்சத்தில் சுமார் ஏழு லட்சம்தான் வெளியே போயிருந்தது. மிச்சத்தை உருக்கிவிட்டு, 1912-ல் யானையைத் திருத்தினார்கள். ஆனால் இந்தக் காசின் விளிம்பில், ஏதோ ஒரு காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த தழும்பு. அதனால் விலை பாதிக்கும் கீழே போய்விடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

பதினைந்தைச் சரியான கணக்கில் வேறு கடையில் விற்றோம். சம்பளம் கட்டியாயிற்று. ராணியையும் 1911-ஐயும் சின்னம்மா பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள். போடுமுன் பூதக்கண்ணாடியை வாங்கி வெகு நேரம் பார்த்தாள்.

"யானைதான், தம்பி. தும்பிக்கையைச் சுருட்டி வச்சிருக்கு" என்றாள்.