சங்கு நீந்துமா? கடல் சட்டம் எழுதப்பட்ட கதை

கேளம்பாக்கத்திலிருந்து இன்னொரு வரலாற்று எபிசோட்.

இங்கிருந்து தெற்கே மாமல்லபுரம் போயிருப்பீங்க. கடற்கரைக் கோயில் பக்கத்துக் கடையில் சங்கை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்திருப்பீங்க. ஐ.நா. கடல் சட்டத்தில் அந்தச் சங்குக்குப் பொருந்துகிற ஒரு வரி இருக்கு. அந்த வரி எப்படி வந்தது, அதில் யார் விடுபட்டுப் போனார்கள் என்பதுதான் இன்றைய கதை.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். உலகத்துக்கு என்று ஒரு நாடாளுமன்றம் கிடையாது. நாடுகள் நெடுங்காலம் ஒரே மாதிரி நடந்துகொண்டு, அப்படி நடப்பது தங்கள் கடமை என்றும் ஏற்றுக்கொண்டால், அதுவே சட்டமாகிவிடும். இதைத்தான் வழக்காறு என்கிறோம். நம்ம ஐடி பாஷையில் சொன்னால், பல வருஷமா ஓடிக்கிட்டிருக்கிற, டாக்குமென்டேஷனே இல்லாத பழைய கோடு.

ஐ.நா. சாசனத்தின் 13ஆவது பிரிவு, இந்தச் சட்டத்தை வளர்ப்பது, தொகுப்பது என்ற இரண்டு வேலைகளையும் ஊக்குவிக்கும் பொறுப்பைப் பொதுச்சபைக்குக் கொடுத்தது. அதற்காக 1947இல் சர்வதேசச் சட்ட ஆணையம் உருவானது. 1949இல் முதல் கூட்டம், 15 உறுப்பினர்கள். அவர்களில் ஒருவர் பெனகல் நரசிங் ராவ். நம் அரசியல் சட்டத்தின் ஆரம்ப வரைவைத் தயாரித்த அதே ராவ்தான்.

தொகுப்பது என்றால் இருப்பதை எழுதுவது. வளர்ப்பது என்றால் இல்லாததைச் சேர்ப்பது. கேட்க சிம்பிளா இருக்கு, இல்லையா? ஆனால் பழைய கோடுக்கு டாக்குமென்ட் எழுதியவர்களுக்குத் தெரியும். "இதை யார் பயன்படுத்தலாம்?" என்ற காலத்தை நிரப்பும்போது நீங்களே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். சங்கு விஷயத்தில் நடந்ததும் அதுதான்.

கரையிலிருந்து 3 கடல் மைல் வரைதான் ஒரு நாட்டுக்குச் சொந்தம், அதற்கு அப்பால் எல்லோருக்கும் பொது. பிரிட்டன் உட்படப் பல நாடுகள் இப்படித்தான் சொல்லிவந்தன. ஆனால் மன்னார் வளைகுடாவின் முத்துப் படுகைகள் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. அதைத் தாண்டியும் முத்துக் குளித்தார்கள், அரசுகள் அதில் வருமானம் பார்த்தன.

1758இலேயே சுவிட்சர்லாந்தின் சட்ட அறிஞர் வாட்டெல் இதைக் கவனித்திருக்கிறார். பஹ்ரைனிலும் இலங்கையிலும் முத்துக் குளிக்கும் இடங்கள் ஒருவருக்குச் சொத்தாக முடியும் என்பதற்கு அவற்றையே உதாரணமாக எழுதினார்.

அடுத்தது நம் சென்னை உயர் நீதிமன்றம். பாக் விரிகுடாவின் சங்குப் படுகையிலிருந்து அனுமதியில்லாமல் சங்கு எடுத்தால் அது திருட்டா? அன்னக்குமாரு பிள்ளை வழக்கில் எழுந்த கேள்வி இது. தீர்ப்பு 1904ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. பாக் விரிகுடா பிரிட்டிஷ் அரசின் எல்லைக்குள் அடங்கியது, சங்குப் படுகை ஒருவருடைய உடைமையாக இருக்க முடியும், ஆகவே அது திருட்டுதான் என்றது நீதிமன்றம்.

இப்போது 1958க்கு வருவோம். ஆணையம் தயாரித்த 73 பிரிவுகள் கொண்ட வரைவை வைத்து ஜெனீவாவில் மாநாடு நடக்கிறது. கண்டத்திட்டின் வளங்கள் கரையோர நாட்டுக்கே சொந்தம் என்பதில் பெரிய சண்டை இல்லை. கடலடியில் வாழும் உயிரினங்களும் அதில் சேருமா என்பதில்தான் சிக்கல். ஆறு நாடுகள் சேர்ந்து ஒரு வரையறையை முன்வைத்தன: ஆஸ்திரேலியா, நார்வே, பிரிட்டன், மலாயா, அப்புறம் இந்தியாவும் இலங்கையும். பிடிக்கும் பருவத்தில் அசையாமல் இருப்பவையும், கடலடியைத் தொட்டபடியே அல்லாமல் நகர முடியாதவையும் கரையோர நாட்டுக்குச் சொந்தம் என்பது அதன் சாரம்.

அசையாமல் இருப்பது முத்துச்சிப்பி. தரையைத் தொட்டபடி ஊர்ந்து போவது சங்கு. நம்ம கடலின் இரண்டு பொருளும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிட்டன!

அதோடு தகராறு முடிந்ததா? இல்லை. 1961 முதல் 1963 வரை பிரேசிலும் பிரான்ஸும் சிங்கி இறாலுக்காக மோதிக்கொண்டன. அது நீந்துகிறது என்றது பிரான்ஸ், ஊர்கிறது என்றது பிரேசில். குதிக்கிறது என்பதற்காக கங்காருவைப் பறவை என்பீர்களா என்று பிரேசில் தரப்பு கேட்டதாக ஒரு கதை உண்டு. ஆனாலும் வரையறை தாக்குப்பிடித்தது. 1982இன் கடல் சட்ட உடன்படிக்கையில் 77ஆவது பிரிவாக அது இன்றும் இருக்கிறது.

இப்போ அந்தக் காலத்துக்குத் திரும்புவோம். "யார் பயன்படுத்தலாம்?" 77ஆவது பிரிவின் பதில்: கரையோர நாடு. அந்த நாடு வேண்டாம் என்று சும்மா விட்டாலும், அதன் சம்மதம் இல்லாமல் வேறு யாரும் எடுக்க முடியாது. அந்தப் படுகைகள் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டுவந்தன என்பதுதான் உரிமைக்கான பழைய ஆதாரம். அப்படிப் பயன்படுத்தியது யார்? மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போன சங்கு குளிப்பவர்கள். அவர்களுடைய உழைப்பு சாட்சியானது, உரிமை அரசுக்குப் போனது. பழைய ஏற்பாட்டிலும் அவர்கள் உரிமையாளர்கள் இல்லை என்பது உண்மைதான். ராஜாவோ, குத்தகைக்காரரோ மேலே இருந்தார்கள். எழுத்துச் சட்டம் அந்த இடத்தை மாற்றி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இதே கடலில் 1974இல் இந்தியாவும் இலங்கையும் பாக் விரிகுடாவில் எல்லைக் கோடு போட்டன. ஒரு நாட்டு மீனவர் அனுமதியின்றி மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று 1976இல் பரிமாறிய கடிதங்கள் சொல்கின்றன. மீன் பிடிக்கிறவருடைய வழக்காறு இரண்டு அரசுகளின் கையெழுத்துக்குள் அடங்கிப்போனது. இன்று படகு பறிமுதல் என்று செய்தி வரும்போதெல்லாம் அதன் பின்னால் அந்தக் கோடு இருக்கிறது.

வேறு மாதிரியும் எழுத முடியும். 1999இல் எரித்திரியா, யேமன் நாடுகளின் செங்கடல் வழக்கில், எல்லைக் கோடு போட்ட பிறகும் சிறு மீனவர்களின் பாரம்பரிய மீன்பிடிப்பு இரு பக்கமும் தொடரும் என்றது நடுவர் மன்றம். ஆனால் அது கைத்தொழில் மீன்பிடிப்புக்கு மட்டும். இதை நம்ம ஊர் விசைப்படகுகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. இழுவை வலை எங்கள் கடலடியைச் சுரண்டுகிறது என்று சொல்லும் யாழ்ப்பாண மீனவரும் தமிழர்தான். இலங்கை 2017இல் அந்த முறையைச் சட்டம் போட்டே தடை செய்தது.

ஆகவே "பாரம்பரிய உரிமை" என்று அடுத்த முறை யாராவது சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்க. எந்த வலைக்கு? எழுதும் மேசையில் அந்த வலையை இழுப்பவர் இருக்கிறாரா? அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.