மஞ்சள் மெட்ரோவில் 25 நிமிடக் காத்திருப்பு: ரயில் இடைவெளி எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

பெங்களூரு: நம்ம மெட்ரோவின் மஞ்சள் வழித்தடத்தை (ஆர்.வி. சாலை - பொம்மசந்திரா, 19 கி.மீ.) 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பிரதமர் மோடி தொடங்கி வைத்தபோது, அதற்குக் கிடைத்திருந்த ரயில்கள் மூன்றுதான். எலக்ட்ரானிக் சிட்டி ஊழியர்கள் 25 நிமிடங்களுக்கு ஒரு ரயிலுக்காகக் காத்திருந்தனர்.

இதன் கணக்கு எளிது. ஒரு ரயில் மறுமுனை சென்று திரும்பி மீண்டும் புறப்பட ஏறத்தாழ 75 நிமிடங்கள் ஆகும். அதை ரயில்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே இடைவெளி. நான்காவது ரயில் வந்ததும் அது சுமார் 19 நிமிடங்களாகவும், ஐந்தாவது ரயில் வந்ததும் 15 நிமிடங்களாகவும் குறைந்தது.

ஊதா, பச்சை வழித்தடங்களின் ரயில்களை இங்கு திருப்பிவிட இயலவில்லை. மஞ்சள் வழித்தடம் ஓட்டுநரில்லா இயக்கத்துக்கான தனி சிக்னல் முறையைக் கொண்டது. சென்னையில் நிலைமை வேறு. சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாக வரும் ரயில்கள் ஆலந்தூரில் பிரிந்து, சில பரங்கிமலைக்கும் சில விமான நிலையத்துக்கும் செல்கின்றன.

ஒரே நேர்கோடான ஊதா வழித்தடத்திலும் பங்கீடு உண்டு. நெரிசல் நேரத்தில் சில ரயில்கள் இடையிலேயே திருப்பப்படுவதால் மெஜஸ்டிக் பகுதிக்குக் கூடுதல் சேவை கிடைக்கிறது. செல்லகட்டா, ஒயிட்ஃபீல்டு முனைகளில் உள்ள பயணிகளுக்கோ காத்திருப்பு நீள்கிறது.