தோட்டாவுக்குப் பின்னால் ஒரு பூட்டு

எங்கள் மீஞ்சூருக்கு வடக்கே, பழவேற்காட்டில், 1613இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். பிறகு அங்கே வெடிமருந்தும் தயாரித்தார்கள். அந்தக் காலத் துப்பாக்கிக்கு மருந்தும் குண்டும் வாய்வழியே போகும். குழாயின் பின்பக்கம் நிரந்தரமாக அடைபட்டிருக்கும்.

தோட்டா பின்வழியே ஏறத் தொடங்கியதும்தான் சிக்கல். ஒவ்வொரு முறை சுடும்போதும் குழாயின் பின்பக்கக் கதவு திறந்து மூட வேண்டும். ஆனால் குண்டு வெளியேறி அழுத்தம் தணியும்வரை திறக்கவே கூடாது.

1966இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் நான் ஃபிட்டராக இருந்தவன். தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். துப்பாக்கியில், அந்தக் கதவாக இருக்கும் போல்ட்டின் பின்முனை கீழே சாய்ந்து ஓர் எஃகுக் கட்டையில் முட்டி நிற்கும். வெடித்ததும் குழாயிலிருந்து பிரியும் வாயு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் தள்ளும், போல்ட்டைத் தாங்கிய கேரியர் சிறிது தூரம் வெறுமனே நகர்ந்த பிறகே அதன் பின்முனையைத் தூக்கிவிடும். அந்தக் கணநேரத் தாமதம்தான் சுடுபவரின் முகத்தைக் காக்கிறது. முட்டுக்கட்டையில் பல அளவுகள் உண்டு; கேஜ் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பின்னர் வந்த 5.56 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கியில் போல்ட் சாய்வதில்லை, சுழன்று பூட்டிக்கொள்கிறது. துப்பாக்கியின் வரலாறு எழுதுபவர்கள் போர்களோடு நின்றுவிடுகிறார்கள். மயிரிழை அளவைக் கையால் அறிந்த தொழிலாளிகளுக்கும் அதில் இடம் வேண்டும்.