புருகாடா: இசிஜியில் ஒரு வளைவின் வரலாறு

வடகிழக்குத் தாய்லாந்தில் திடகாத்திரமான இளைஞர்கள் தூக்கத்திலேயே இறந்துபோவதை 'லாய் தாய்' என்றார்கள். ஆண்களைத் தேடிவரும் கைம்பெண் பேயின் வேலை என்று நம்பி, பெண் வேடமிட்டுப் படுத்தவர்களும் உண்டு. பிலிப்பைன்ஸில் இதே மரணத்துக்குப் பெயர் 'பாங்குங்கொட்'.

இத்தகைய மரணங்களோடு தொடர்புபடுத்தப்படும் இதயநோய்தான் புருகாடா. 1992இல் அதற்குப் பெயர் தந்த மருத்துவர்களான பெத்ரோ, ஜோசெப் புருகாடா சகோதரர்கள், திடீர் மரணத்தின் விளிம்பிலிருந்து மீண்ட 8 பேரை விவரித்தனர். அவர்களுடைய இதயத்தின் அமைப்பில் பழுதில்லை. ஆனால் இசிஜியின் வி1 முதல் வி3 வரையான பதிவுகளில் எஸ்டி பகுதி உயர்ந்திருந்தது. இத்தகைய வளைவை 1953இலேயே ஆஷர், உல்ஃப் இருவரும் பதிவுசெய்திருந்தனர். ஆபத்தோடு அது சேர்த்துப் பார்க்கப்பட்டதுதான் புதிது. 1998இல் இந்நோயாளிகள் சிலரிடம் சோடியம் வாயிலுக்கான எஸ்சிஎன்5ஏ மரபணுவில் கோளாறு கண்டறியப்பட்டது.

அதன்பின் மருத்துவர்களுக்கு வேறு சிக்கல்: கண்ட வளைவெல்லாம் புருகாடாவாகத் தெரிந்தது. 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் எழுந்து, சரிந்து, தலைகீழான டி அலையில் முடியும் முதல் வகை வளைவே நோயை உறுதிசெய்யும். குதிரைச் சேணம் போன்ற இரண்டாம் வகை, நலமாயுள்ள விளையாட்டு வீரர்களிடமும் காணப்படும். மின்முனையை உயரமாக ஒட்டினாலும் தோன்றலாம். ஐயம் நீங்காவிட்டால் அஜ்மலின் என்ற மருந்தைச் செலுத்தி, முதல் வகை வளைவு வெளிப்படுகிறதா என்று பார்ப்பார்கள். காய்ச்சலும் மறைந்திருக்கும் வளைவை வெளிக்கொணரும்.

மயக்கமோ குடும்பத்தில் திடீர் மரணமோ இன்றி, மருந்தால் மட்டும் வளைவு தோன்றியவர்களுக்கு ஆபத்து குறைவு. இதயம் நின்று மீண்டவர்களுக்கு மார்பில் டிஃபிப்ரிலேட்டர் பொருத்தப்படுகிறது.