நாவின் தீர்ப்பு

கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் என் பாட்டி வாழ்ந்த காலத்தில், ஆப்ப மாவைப் புளிக்க வைப்பதற்கென்று மட்டும் சிறிது கள் வாங்கி வரச் சொல்வார். குடிப்பவரைக் கண்டாலே முகம் சுளிக்கும் அவர், அந்தக் கள்ளை மட்டும் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். பின்னர் மூக்கருகே கொண்டு சென்று முகர்வார். ஒரு துளியை நாவின் நுனியில் வைத்துச் சற்றே பொறுத்திருந்து துப்பிவிடுவார். "இது நேற்றைய கள், கொண்டுபோய்க் கொடு" என்று திருப்பி அனுப்பிய நாள்களும் உண்டு. வாழ்நாளில் ஒரு மிடறும் குடித்தறியாத மூதாட்டிக்குக் கள்ளின் வயதைக் கணிக்கும் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று அந்நாளில் நான் வியந்ததில்லை. இன்று வியக்கின்றேன்.

வீட்டிலேயே மதுவை ஆக்கி, ஆக்கியவரே அதைச் சுவைத்துத் தரம் காணும் வழக்கம் தமிழ் நிலத்திற்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதன் செய்முறையையே நமக்கு எழுதி வைத்துச் சென்றிருக்கின்றார். வலைஞர் குடியிருப்பைப் பாடும் இடத்தில் அது வருகின்றது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றார்கள். அகன்ற வாயுடைய தட்டில் அதைப் பரப்பி ஆற வைக்கின்றார்கள். நெல்முளையால் ஆகிய அடையை அதனோடு கலக்கின்றார்கள். வலிய வாயையுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வைத்திருந்து, முற்றிய பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு பாணனுக்கு அளிக்கின்றார்கள்.

இன்று பீர் காய்ச்சும் தொழிலறிந்த ஒருவரிடம் இப்பகுதியை விளக்கிச் சொன்னால் அவர் தலையசைப்பார். முளைத்த தானியத்தில் உள்ள நொதி அரிசியின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குகின்றது. ஈஸ்ட் அச்சர்க்கரையை மதுவாக்குகின்றது. களியை ஆற வைக்காமல் கலந்தால் அதிகச் சூட்டில் நொதியும் கெடும், ஈஸ்டும் மடியும். ஆகவே, ஆற்றுதல் என்பது சொல்லழகுக்காகப் புலவர் சேர்த்த செய்தியன்று, தொழில் நுட்பம். அதனினும் வியப்பூட்டுவது 'வழைச்சு' என்னும் ஒரு சொல். முற்றாத இளமையை அது குறிக்கும். அவ்விளமை அற்றுப்போகும் வரை சாடியைத் திறவாது காத்திருந்தனர் என்கின்றார் புலவர். முதிராத பீரில் பச்சை ஆப்பிளின் வாடை போன்ற ஒன்று இருக்கும். அசிட்டால்டிகைடு என்னும் பொருளால் வருவது அது. மேலைநாட்டுத் தொழிலாளரும் அந்நிலையில் உள்ள பீரைப் பச்சை என்றே அழைக்கின்றனர். நம்மவர் அந்தக் குறைக்கு ஒரு பெயர் வைத்து, அது நீங்கியதா என்று பார்த்தே பிழிந்தார்கள் என்றால், அங்கே சுவைத்து மதிப்பிட்ட நா ஒன்று இருந்திருக்க வேண்டும் அல்லவா? அதே நூலில் வேறோரிடத்தில், வீட்டில் சமைத்த நெற்கள்ளுக்குத் 'தோப்பி' என்னும் பெயரும் வழங்குகின்றது.

இந்த வழக்கம் அழிந்துபோன பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. நம் நாட்டிலேயே சரவாக்கில் கவாய் திருநாளுக்கும், சபாவில் காமாத்தான் அறுவடை விழாவுக்கும் இல்லந்தோறும் அரிசி மது ஆக்கப்படுகின்றது. சோற்றை ஆற வைத்து, ராகி எனப்படும் நொதிவில்லையைப் பொடித்துத் தூவிச் சாடியில் மூடிவைக்கும் அவர்களின் தூவாக்கும் தாப்பாயும் நம் தோப்பிக்கு உறவுமுறையினவே. ஒரு வீட்டின் தூவாக்கை மறு வீட்டார் சுவைத்துக் கருத்துரைப்பது அங்கே விருந்தின் ஓர் அங்கம்.

ஆயினும், கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்த தமிழ் உழைப்பாளர் அறிந்திருந்தது நெற்கள்ளன்று, தென்னங்கள். மரத்தில் ஏறுபவர் விரியாத பாளையைக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நாள்தோறும் நுனியை மெல்லியதாகச் சீவிக் கலயத்தைக் கட்டுவார். சொட்டும் சாற்றில் 100க்கு 12 முதல் 15 பங்கு வரை சர்க்கரை இருக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத இனிப்பு நீர் கிடைக்கும். தடவாவிடில் மரத்தில் இருக்கும்போதே புளிப்பு தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் 100க்கு 4 முதல் 6 பங்கு மது சேர்ந்துவிடும். ஒரு நாள் கழிந்தால் காடியின் பக்கம் சாய்ந்துவிடும். நெற்கள்ளுக்குக் காத்திருக்க வேண்டும். தென்னங்கள்ளோ நமக்காகக் காத்திருப்பதில்லை. எனவேதான் பார்வை, மணம், சுவை என்னும் மூன்றும் இங்கே உடனுக்குடன் தீர்ப்புச் சொல்ல வேண்டியனவாயின. பால்போன்ற வெண்மையும் உயிருள்ள நுரையும் இருக்கின்றனவா? மூக்கில் ஈஸ்டின் மணம் வருகின்றதா, காடியின் நெடி ஏறுகின்றதா? நாவில் இனிப்பு முந்துகின்றதா, புளிப்பா? பாட்டி கேட்ட கேள்விகள் இவைதாம்.

தோட்டத்தில் இக்கேள்விகளைக் கேட்க உழைப்பாளிக்கு உரிமை இருந்ததா என்பதே வரலாறு நம்மை நிறுத்திக் கேட்கும் இடம். மரம் தோட்டத்துக்குச் சொந்தம். கடைக்கு உரிமம் வேண்டும். உரிமமின்றிப் பாளை சீவுவதும் வீட்டில் மது ஆக்குவதும் குற்றம். காலையெல்லாம் பால் மரம் வெட்டிவிட்டுப் பிற்பகலில் கடைவாயிலில் நிற்பவன், ஊற்றிக் கொடுத்ததை வாங்கிக் குடிக்கும் நிலைக்கு வந்துவிட்டான். தானே ஆக்கித் தானே தரம் கண்ட மக்களின் வழிவந்தவன், பிறர் ஆக்கியதைக் கேள்வியின்றி ஏற்பவனானான். தோட்டக் கள்ளுக்கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கென ஒரு நிதியில் சேர்வதுண்டு. கள் உடலுக்கு ஊட்டம் தருவது என்று வாதாடிய துரைமாரும் இருந்தனர். கூலியாகக் கொடுத்த காசைக் கடை வழியாகத் திரும்பப் பெற்று, அதில் ஒரு பகுதியை நலம் என்று பெயரிட்டு நீட்டிய அந்த ஏற்பாட்டைக் கருணை என்று என்னால் அழைக்க இயலவில்லை.

கிள்ளான் வட்டாரத் தொழிலாளரும் அவ்வாறு அழைக்கவில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழிகாட்டுதலில் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. பத்திரிகைத் துறையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படிக்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கின்றது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் முறைகேடாக நடந்துகொள்வதற்கு முடிவு, துரைக்கும் கிராணிக்கும் முன்னே மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார், கொந்தளிப்பு பரவியது, சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் பலியாயின. நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின்னர், 1947இல், கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு முன்னே மறியல் செய்தபோதும் காவல் துறையின் தடியடி ஓர் உயிரைக் குடித்தது.

கடையை மூடச் சொன்னவர்கள் கள்ளின் சுவையைப் பழித்தவர்கள் அல்லர். கூலி வீடு வந்து சேரவில்லை என்பதே அவர்கள் வழக்கு. அதில் அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து. ஆனால் கள்ளுக்குப் பின்னால் என்ன வரும் என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்த்திருக்க இயலாது.

நகரத்தின் கதை சற்று வேறு. பிரிக்பீல்ட்ஸ், தன் பெயருக்கு ஏற்பச் செங்கல் சூளைகளால் தோன்றி, இரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்த ஊர். 'நூறு குவார்ட்டர்ஸ்' என்று வழங்கிய அந்த வரிசை வீடுகள் 2014இல் இடிக்கப்பட்டன. குடியிலும் அங்கே படிநிலை உண்டு. உடலுழைப்பாளிக்குக் கள், எழுதுகோல் பிடித்தவர்க்குப் புட்டிக்குள் வந்த பீரும் ஸ்டௌட்டும். புட்டி கப்பலில் வந்த காலம் மாறி, 1960களின் நடுவில் சுங்கைவேயில் கின்னஸ் ஆலையும், 1972இல் ஷா ஆலமில் கார்ல்ஸ்பர்க் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. இவ்விரு பெயர்களையும் விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை. சுவையை மதிப்பிடும் அறிவியலின் ஒரு பகுதி இவ்விரு நிறுவனங்களின் தாயகத்து ஆலைகளில் வளர்ந்தது.

டப்ளின் நகரத்துக் கின்னஸ் ஆலையில் 1899இல் வேலைக்குச் சேர்ந்தவர் வில்லியம் சீலி காசெட். பார்லியும் மால்ட்டும் தரமானவையா என்று ஆயச் சில மாதிரிகளே கையில் கிடைக்கும். நான்கைந்து சோதனைகளை வைத்துக்கொண்டு முடிவு கூறலாமா, அது தற்செயலாக நேர்ந்ததாக இருக்குமா? இக்கேள்விக்கு அவர் கண்ட விடை, 'மாணவர்' என்னும் புனைபெயரில் 1908இல் வெளிவந்தது. இன்று மருத்துவம் முதல் வேளாண்மை வரை ஆய்வாளர் பலரும் அக்கணக்கைப் பயன்படுத்துகின்றனர். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் 1883இல் ஈஸ்டைத் தனி இனமாகப் பிரித்து வளர்த்தார். அங்கேயே சோரன்சன் 1909இல் அமிலத்தை அளக்கும் பி.எச். அளவுகோலை அமைத்தார். பாட்டி நாவின் நுனியில் பார்த்த புளிப்பு, அவருடைய அளவுகோலில் ஏறத்தாழ 7இலிருந்து 4க்கு இறங்கும் ஓர் எண்.

அதே கார்ல்ஸ்பர்க்கில் 1940களில் உருவானது முக்கோணச் சோதனை. மூன்று குவளைகள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. வேறுபட்டதைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும்; ஆகவே பலரைப் பலமுறை கேட்டுக் கணக்கிட வேண்டும். இவ்வளவு பாடு எதற்கு? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தான் ஆக்கியதைத் தானே சுவைப்பவர் தன் உழைப்பையும் சேர்த்தே சுவைக்கின்றார். எது தன்னுடையது என்று அறியாமல் சுவைத்தால்தான் நா மெய் பேசும். வீட்டில் பீர் ஆக்கும் மேலைநாட்டார் இன்று புட்டியின் பெயரை மறைத்து, தோற்றம், மணம், சுவை, வாயில் நிற்கும் தன்மை என்று தனித்தனியே மதிப்பெண் இடுவதும் இதனால்தான்.

இத்துணை நுட்பமும் ஒரு நஞ்சின் முன்னே தோற்றுப்போகின்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. கள்ளுக்கடைகள் மெல்ல மறைந்தன. அந்த இடத்தைச் சம்சு பிடித்துக்கொண்டது. சிறிய புட்டி, குறைந்த விலை, கடுமையான போதை. உரிமம் பெற்ற புட்டிகளுக்குப் பின்னால் கள்ளச் சம்சும் வந்தது. நெல்லும் தென்னையும் இயல்பாகப் புளிக்கும்போது மெத்தனால் என்னும் நஞ்சு பொருட்படுத்தத் தக்க அளவில் உண்டாவதில்லை. ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனாலை மலிவு கருதிக் கலப்பதாலேயே சாவு நேர்கின்றது. அதன் மணமும் சுவையும் குடிக்கும் மதுவை ஒத்தவை. தீக்குச்சியைக் கொளுத்தி நீலச் சுடர் வந்தால் நல்ல சரக்கு என்று நம்புவோர் உண்டு. மெத்தனாலும் நீலமாகவே எரியும். உடலுக்குள் சென்ற பின்னரே அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறிக்கும். முதலில் தோன்றும் மயக்கம் வழக்கமான போதைபோலவே இருப்பதால் மருத்துவமனைக்குச் செல்லும் நேரமும் கடந்துவிடும்.

2018ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கலப்பட மது குடித்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் பார்வை இழந்தனர். பெரும்பாலோர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் ஆகிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள்; நூறாண்டுக்கு முன்னர் நம் பாட்டன்மார் கிள்ளான் துறையில் இறங்கியதுபோல வந்து இறங்கியவர்கள். மெத்தனால் உண்டவர்க்கு மருத்துவமனையில் தரும் முறிவு மருந்துகளுள் ஒன்று, அளவறிந்து செலுத்தப்படும் தூய எத்தனால்; அதாவது கள்ளிலும் தோப்பியிலும் இருக்கும் அதே மது.